என் ஓரகத்தியின் கைத்துப்பாக்கி

என் ஓரகத்தி தைலம்மாள் மேல் எனக்குப் பொறாமை இருந்தது. இருந்தது என்ன, இன்றைக்கும் இருக்கிறது. அவள் போன ஐப்பசியில் செத்துப்போனாள், அப்புறமும் அடங்கவில்லை. இதை மறைத்துவிட்டு அவளை நல்லவள், வல்லவள் என்று நான் சொன்னால் அது ஒப்புக்குச் சொன்னதாகத்தான் இருக்கும்.

வடக்கனந்தலில் எங்களுக்குக் கரும்புக் கொல்லை. மாமனாருக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவர் ராசு, அவர் பெண்சாதிதான் தைலம்மாள். இளையவர் செழியன், என் வீட்டுக்காரர். எண்பத்து நான்கில் நான் அந்த வீட்டுக்கு வாக்கப்பட்டுப் போனேன். மறு வருடமே மூத்தவர், நான் பெரிய மாமா என்று கூப்பிடுகிறவர், மாரடைப்பில் போய்விட்டார். பிள்ளை இல்லை. முப்பத்தைந்து வயதில் தாலி அறுத்தவள் மூலையில் முடங்கிக் கிடப்பாள், சாவிக்கொத்து என் இடுப்புக்கு வரும் என்று நினைத்தேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் அப்படித்தான் நினைத்தேன். அவள் முப்பதாம் நாள் தலையை அள்ளி முடிந்துகொண்டு கரும்புக்குத் தண்ணீர் பாய்ச்சக் கிளம்பிவிட்டாள்.

பெரிய மாமா ஒரு கைத்துப்பாக்கி வைத்திருந்தார். சேலத்துக் கடையில் லைசென்ஸோடு பழசாக வாங்கியது. எங்கள் கொல்லை கல்வராயன் மலையடிவாரத்தில் ஒண்டியாகக் கிடக்கிறது. மோட்டார் கொட்டகையில் திருட வந்தவர்கள் ஒரு தடவை அவரை அடித்துக் கட்டிப்போட்டு விட்டுப் போனார்கள், அதனால் லைசென்ஸ் கொடுத்தார்கள். அவருக்குப் பிறகு அது என் வீட்டுக்காரருக்கு வரும் என்று ஊரே சொன்னது. தைலம்மாள் யாரையும் கேட்கவில்லை. கடலூருக்கு பஸ் ஏறினாள், கலெக்டர் ஆபீசுக்கு நாலு தடவை அலைந்தாள், ஐந்தாம் தடவை லைசென்ஸைத் தன் பேருக்கு மாற்றிக்கொண்டு வந்தாள். ஐந்து தடவையும் துணைக்குப் போனது யார்? என் வீட்டுக்காரர். திரும்பி வந்து, அண்ணி பேசின பேச்சில் அந்த ஆபீசரே எழுந்து நின்றுவிட்டார் என்று வாயெல்லாம் பல்லாகச் சொன்னார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த வீட்டில் என் பேர் எழுதியிருந்த ஒரே இடம் ரேஷன் கார்டு.

அப்போதுதான் இட ஒதுக்கீட்டுப் போராட்டம் சூடு பிடித்தது. எண்பத்தேழு புரட்டாசியில் ஒரு வாரம் ரோடே கிடையாது. உளுந்தூர்பேட்டைப் பக்கம் மரத்தை வெட்டிச் சாய்த்துவிட்டார்கள், லாரியெல்லாம் மைல்கணக்கில் நின்றது என்று கேள்விப்பட்டோம். அது முடிந்தும் ஊர் ஓயவில்லை. அங்கங்கே திடீரென்று மறியல், திடீரென்று போலீஸ். மறியல் செய்த பையன்களை அவள் ஒரு நாளும் ஏசியதில்லை. படிப்பும் வேலையும் கேட்கிறார்கள், கேட்டால் என்ன தப்பு என்பாள். அந்தச் சந்தடியில் வேறு சிலர் கிளம்பியிருந்தார்கள். ரோட்டில் நிற்கிற வண்டியில் டயரைக் கிழிப்பதும், டீசலைப் பிடிப்பதும், ஆள் ஒண்டியாக இருந்தால் கையில் இருப்பதைப் பிடுங்குவதும் அவர்கள் வேலை.

மார்கழியில் எங்களுக்கு மில்லிலிருந்து வெட்டு உத்தரவு வந்தது. வடக்கனந்தலிலிருந்து மூங்கில்துறைப்பட்டு மில்லுக்கு, சங்கராபுரம் வழியாகக் கரும்பு லோடு போக வேண்டும். டிராக்டரை என் வீட்டுக்காரர் ஓட்டுவார். தைலம்மாள் மட்கார்டில் ஏறி உட்காருவாள், மடியில் மஞ்சப்பை, பைக்குள் துப்பாக்கி. ஊர் எல்லை தாண்டுகிற வரைக்கும் சனம் வேடிக்கை பார்க்கும். நான் அடுப்பங்கரை சன்னலில் நின்று பார்ப்பேன். என் புருஷன் ஓட்டுகிற வண்டியில், என் புருஷன் தோளுக்குப் பக்கத்தில், இன்னொருத்தி ராணி மாதிரி உட்கார்ந்து போகிறாள். அவர்களுக்குள் தப்பாக ஒன்றும் இல்லை என்று எனக்குத் தெரியும். இருந்திருந்தால் நாலு வார்த்தை திட்டிவிட்டு ஆறிப்போயிருப்பேன். இவர் அவளை மதித்தார், அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அந்தத் துப்பாக்கியைப் பற்றி வீட்டில் ஒரு தகராறு ஓயாமல் நடந்தது. குண்டுகள் ஒரு தகரப் பெட்டியில் அடுக்காக இருக்கும். அந்தப் பெட்டியைக் கைப்பிடிக்குள் சொருகினால் மட்டும் சுட முடியாது. மேல் பாகத்தை ஒரு தடவை பின்னுக்கு இழுத்துவிட வேண்டும், அப்போதுதான் ஒரு குண்டு குழலுக்குள் ஏறும். தைலம்மாள் பெட்டியைச் சொருகி வைப்பாளே தவிர, குழலுக்குள் ஏற்ற மாட்டாள். என் வீட்டுக்காரர் ஏற்றித்தான் வைக்க வேண்டும் என்பார்.

"ஒரு கையால மட்கார்டு கம்பியப் புடிச்சிக்கினு குந்தினுகிறீங்க. எவனாச்சும் ஏறி வந்தா ரெண்டு கையும் வுட்டுட்டு இழுத்துக்கினு இருப்பீங்களா அண்ணி? அதுக்குள்ள அவன் வேலைய முடிச்சிட்டுப் பூடுவான்" என்றார்.

"குலுங்குற வண்டியில ஏத்தினத மடியில வெச்சிக்கினு வர சொல்றியா தம்பி? வர்றவன் மேல பாயறதுக்கு முந்தி உன் முதுகுலதான் பாயும்" என்றாள் அவள்.

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அவள் சொன்னதிலும் இருந்தது. சாப்பாட்டுக்கு உட்கார்ந்தால் இதே பேச்சு. நான் குழம்பை ஊற்றிக்கொண்டு நிற்பேன். நீ என்ன நினைக்கிறாய் நிர்மலா என்று ஒருத்தரும் கேட்டதில்லை.

என் திருட்டுத்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். சாயங்காலம் வந்ததும் தைலம்மாள் குண்டுப் பெட்டியை உருவி பீரோவில் பூட்டுவாள், துப்பாக்கியைப் பையோடு ஆணியில் மாட்டிவிட்டுக் குளிக்கப் போவாள். அவள் தலைக்குத் தண்ணீர் ஊற்றுகிற சத்தம் கேட்டதும் நான் அவள் அறைக்குள் போவேன். துப்பாக்கியை எடுத்து, பீரோ கண்ணாடி முன்னால் நின்று, முந்தானையை அவள் சொருகுகிற மாதிரி இழுத்துச் சொருகிக்கொள்வேன். துப்பாக்கியின் பின்புறம் நீட்டிக்கொண்டிருக்கும் சுத்தியைக் கட்டைவிரலால் பின்னுக்கு இழுத்து, கண்ணாடியில் தெரிகிற என்னையே குறி பார்த்து விசையை ஒரு தடவை அழுத்துவேன். டிக் என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். திரும்ப மாட்டிவிட்டுப் போய் உலை வைப்பேன். அந்த ஒரு டிக் இல்லாவிட்டால் எனக்கு ராத்திரிச் சோறு இறங்காது.

ஒரு நாள் மாவு மிசினில் எங்கள் கொல்லையில் வேலை செய்கிற காசியம்மாள் தைலம்மாளின் தைரியத்தைப் புகழ ஆரம்பித்தாள். துப்பாக்கி வைத்திருக்கிற பொம்பளையை எவன் நெருங்குவான் என்றாள். என் வாய் சும்மா இருந்ததா? "அட நீ ஒண்ணு, அதுல குண்டே ஏத்தறது கெடையாது. சும்மா ஊதாங்குழல் மாதிரி தூக்கினு போவுது" என்று சொல்லிவிட்டேன். சொன்னதும் மனசு குளிர்ந்தது. மூன்றாம் நாள் அது டீக்கடைக்குப் போய், அங்கிருந்து சங்கராபுரம் ரோடு வரைக்கும் போய்விட்டது. லோடோடு போகும்போது புளியமரத்தடியில் குந்தியிருந்த நாலு பேர் வண்டியை மறித்து, "இன்னாக்கா, பையில ஊதாங்குழலா?" என்று சிரித்திருக்கிறார்கள். ஒருத்தன் பையைத் தொடக் கை நீட்டியிருக்கிறான். பின்னால் ஒரு பஸ் வந்ததால் விலகினார்கள்.

வீட்டுக்கு வந்த தைலம்மாள் என்னை ஒரு தடவை பார்த்தாள், அவ்வளவுதான். அடுத்த லோடு கிளம்புகிற காலையில், நான் பார்க்கிற மாதிரியே மேல் பாகத்தை இழுத்து விட்டாள். ஒரு குண்டு உள்ளே ஏறியது. சுத்தியை மெதுவாக இறக்கிவைத்து, பையில் போட்டுக்கொண்டாள்.

"இன்னிக்கு லோடு ஏத்தி எடுத்துனு போறேன், பாத்துக்கோ" என்றாள்.

அன்று நாள் முழுக்க என் கை ஓடவில்லை. அவர் முதுகில் பாயும் என்று அவள் சொன்னதே காதில் இருந்தது. ஊதாங்குழல் என்று சொன்ன நாக்கை இழுத்து அறுக்கலாம் போல இருந்தது. பொழுது சாயத் தொடங்கும்போது டிராக்டர் சத்தம் கேட்டது. வாசலுக்கு ஓடினேன். இரண்டு பேரும் முழுசாக வந்திருந்தார்கள். வழியில் ஒரு வம்பும் இல்லையாம். அவர் டிரைலரைக் கழற்றப் பின்னால் போனார். அவள் கண்ணெல்லாம் சிவந்து, மேலெல்லாம் கரும்புத் தூசியோடு உள்ளே வந்தாள்.

"லோடு எறக்கியாச்சாக்கா?" என்றேன்.

"மத்தியானமே எறக்கியாச்சி" என்று சொல்லிவிட்டு அறைக்குப் போனாள்.

நான் கேட்டது துப்பாக்கியை. அவள் சொன்னது கரும்பை. எங்கள் வீட்டில் மார்கழி மாதம் லோடு என்றால் கரும்புதான், வேறு எது? காலையில் அவளே அந்த வார்த்தையைத் துப்பாக்கிக்குச் சொன்னதால் நான் அதைப் பிடித்துக்கொண்டேன். அவள் எப்போதும் போலக் குண்டுப் பெட்டியை மட்டும் உருவி பீரோவில் பூட்டினாள். ஒரு நாளும் ஏற்றிப் பழக்கம் இல்லாதவள், உள்ளே ஒன்று தனியாக உட்கார்ந்திருப்பதை மறந்துவிட்டாள்.

தண்ணீர் ஊற்றுகிற சத்தம் கேட்டது. காலையிலிருந்து பயந்து செத்தவள், பயம் தெளிந்ததும் என்ன செய்தேன்? பழைய வயிற்றெரிச்சல் திரும்பி வந்தது. இவ்வளவு நடந்தும் அவள்தான் ஜெயித்தாள் என்று தோன்றியது. அறைக்குள் போனேன். துப்பாக்கியை எடுத்தேன். எடுத்துக் கண்ணாடியைக் குறி பார்க்காமல், அன்றைக்கென்று சன்னல் பக்கம் திரும்பினேன். சன்னல் கதவு சாத்தியிருந்தது. சாலையில் மறிக்க வந்தவன் அங்கே நிற்பதாக நினைத்துக்கொண்டு சுத்தியை இழுத்து விசையை அழுத்தினேன்.

டிக் இல்லை. காது அடைத்துப்போனது. சன்னல் பலகையில் ஒரு ஓட்டை. அதற்கு வெளியே தொட்டியடியில் கால் கழுவிக்கொண்டிருந்த என் புருஷன், "ஐயோ அம்மா" என்று உட்கார்ந்த சத்தம் எங்கோ தூரத்திலிருந்து வருகிற மாதிரி கேட்டது.

தைலம்மாள் ஈரத் தலையோடு ஓடிவந்தாள். என் கையில் இருந்ததைப் பிடுங்கிக்கொண்டாள்.

"நீ அடுப்பாண்ட போ. நான்தான் தொடச்சிக்கினு இருந்தேன், கை தவறிடுச்சி. லைசென்ஸ் என் பேருல கீது. உன் கையில இருந்துதுன்னு தெரிஞ்சா ரெண்டு பேரும் உள்ள போவணும்."

நான் நகரவில்லை. அவள் என்னை வெளியே தள்ளினாள். தள்ளும்போது குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள்: "நீ தெனம் எடுக்கறது எனக்குத் தெரியும். ஏத்தாம வெச்சதே உனக்காகத்தான். இன்னிக்கு மறந்து தொலைச்சிட்டேன்."

முதுகில் பாயும் என்று அத்தனை நாள் அவள் வாதாடியது பாதிக் காரணம்தான். மீதிக் காரணம் நான்.

குண்டு அவர் தொடைச் சதையில் புகுந்து வெளியே போயிருந்தது. எலும்புக்கு ஒன்றும் இல்லை. ஜீப் வைத்துக் கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம், இருபது நாள் படுத்திருந்தார். போலீஸ் வந்தது, துப்பாக்கி போனது, லைசென்ஸ் போனது. இரண்டு வருடம் கோர்ட்டுக்கு நடந்து அபராதம் கட்டிவிட்டு வந்தாள். தெரியாமல் நடந்தது என்று அவர் போய்ச் சாட்சி சொன்னார். அவருக்கு அண்ணி மேல் ஒரு துளி கோபம் இல்லை. நான் ஆசைப்பட்டது நடந்துவிட்டது. அவள் மடியில் துப்பாக்கி இல்லை, வேடிக்கை பார்க்க ஊரும் இல்லை. எனக்கு அதில் ஒரு சுகமும் இல்லை.

அப்புறம் முப்பத்தைந்து வருடத்துக்கு மேல் ஒரே வீட்டில் இருந்தோம். அவள் ஒரு தடவை கூட அந்தப் பேச்சை எடுக்கவில்லை. சண்டை வந்து நான் அவளை வாய்க்கு வந்தபடி பேசின நாளிலும் எடுக்கவில்லை. எடுத்திருந்தால் நானும் காலில் விழுந்து, அழுது, தீர்த்திருப்பேன். அந்த இடத்தை அவள் எனக்குக் கொடுக்கவே இல்லை. கரும்பு போய் மரவள்ளி வந்தது. எனக்குப் பிறந்த இரண்டு பெண்களும் அவள் மடியில்தான் வளர்ந்தார்கள். பெரிசாகி, அவளைப் பெரியம்மா என்று கூப்பிடுகிற குரலில் என்னை அம்மா என்று கூப்பிட்டதில்லை.

எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டேன். ஒன்றுதான் முடியவில்லை. யார் வீட்டுக்கு வந்தாலும் என் வீட்டுக்காரர் வேட்டியை ஒதுக்கித் தொடைத் தழும்பைக் காட்டுவார். "எங்க அண்ணி கையால வாங்கினது" என்பார். அதில் ஒரு பெருமை. அந்தக் கதையை எத்தனை விதமாகச் சொல்வார், எத்தனை பேர் சிரிப்பார்கள். நான் காபி டம்ளரோடு நிற்பேன். அவர் உடம்பில் நான் போட்ட ஒரே அடையாளம் அது. அதுவும் அவள் பேரில் போய்ச் சேர்ந்துவிட்டது.

அவளுடைய கருமாதியன்று உறவெல்லாம் சாப்பிட்டு முடித்துப் பந்தலில் உட்கார்ந்திருந்தது. எங்கள் சம்பந்தி முறையில் ஒருத்தர் புதிதாக வந்திருந்தார். என் வீட்டுக்காரர் ஆரம்பித்துவிட்டார். வேட்டியை ஒதுக்கினார், தழும்பைக் காட்டினார், அண்ணி என்று சொல்லும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டார். என்னால் அதற்கு மேல் தாங்கவில்லை. எச்சில் இலையைக் கீழே போட்டுவிட்டு அவர் முன்னால் போய் நின்றேன்.

"அது அக்கா சுட்டதில்ல. நான் சுட்டது. என் கையாலதான் சுட்டேன்" என்றேன்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். கோபப்படவில்லை, அதிர்ச்சியும் இல்லை. பாவப்பட்டவளைப் பார்க்கிற மாதிரி பார்த்தார்.

"வுடு நிர்மலா, அவங்களே பூட்டாங்க" என்றார். "இதுலயுமாடி உனக்குப் பொறாம?"