காய்ச்சலில் பேசிய தமிழ்

இரண்டாம் உலகப் போர் முடிந்து சில வருடங்கள் கழித்து, எங்கள் முன்னோர் கரும்புத் தோட்டக் கூலிகளாகக் கப்பலேறி வந்த இந்தத் தீவில் மலேரியாவை ஒழிக்கப் புறப்பட்டார்கள். எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. மேட்டுநிலத்து ஊரான வக்குவாவில் வீடு. அப்பா அரசாங்கக் குமாஸ்தா. படிப்பு முடிந்ததும் சுகாதார இலாகாவில் எனக்கு வேலை கிடைத்தது. ஊர் ஊராகப் போய் விரல் நுனியில் குத்தி ரத்தம் எடுத்து, கண்ணாடித் தகட்டில் தடவி, சாயம் ஏற்றி, மைக்ராஸ்கோப்பில் பார்க்க வேண்டும். கிருமி இருந்தால் ரத்தத் துளிக்குள் மோதிரம் போல ஊதா வளையங்கள் தெரியும். பார்ப்பதற்கு அழகாகவே இருக்கும்.

வீட்டில் நாங்கள், பிரெஞ்சிலிருந்து கிளைத்த தீவு மொழியான கிரியோல்தான் பேசினோம். கோயில் மாலை வகுப்பில் நான் எழுத்துக் கூட்டக் கற்றிருந்தேன். சாமி பாட்டுகள் நாலைந்து மனப்பாடம். ஆனால் ஒரு டம்ளர் தண்ணீர் கொடுங்கள் என்று தமிழில் கேட்க வராது. இப்போது எழுதுகிற தமிழ் பிற்பாடு மதராசில் படித்தபோது வந்தது. அன்று அது என்னிடம் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

எனக்கு ஒதுக்கியது தீவின் தெற்கே சுரினாம் என்கிற சிற்றூர். வக்குவாவின் மூடுபனியில் வண்டி ஏறினால், இறங்கும்போது கரும்பு இரண்டு பக்கமும் சுவராக நிற்கும், உடம்பு கசகசக்கும். கூட வந்தவர் ஒருவர்தான். வண்டியும் ஓட்டுவார், வீட்டுச் சுவர்களுக்குக் கொசு மருந்தும் அடிப்பார். கழுத்தில் சிலுவை போட்ட, ஆப்பிரிக்க வம்சத்துக் கிரியோல்காரர், வாய் ஓயாமல் பேசுகிறவர்.

மருந்து அடித்த வீட்டில் கொஞ்ச நேரத்தில் ஓர் அமைதி வரும். அதற்கு நான் கடைசிவரை பழகவில்லை. சுவரில் வெள்ளைப் பூச்சு காயும்போது கரப்பான்கள் வெளியே வந்து மல்லாந்து கிடக்கும். ஈ இருக்காது. கூரையில் பல்லி சத்தம் இருக்காது. வீட்டின் மூச்சு நின்றுவிட்டது போல் இருக்கிறது என்று ஒரு கிழவர் சொன்னார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

குடியிருப்பு வரிசையின் கடைசி வீட்டில் நாற்பது வயதுக்காரி ஒருத்தி புருஷனுடன் இருந்தாள். குழந்தை இல்லை. அவள் கரும்பு வயலில் களை எடுப்பவள், அவர் சர்க்கரை ஆலையில் கொதிகலனைப் பார்த்துக்கொள்பவர். நான் அவளை அக்கா என்று கூப்பிடுவேன், அவள் என்னை, கல்யாணமாகாத பெண்ணைக் கூப்பிடுகிற மாதிரி, மாம்ஸெல் என்பாள். முதல் தடவை அவள் ரத்தத்தைப் பார்த்தபோது வளையங்கள் அப்பிக் கிடந்தன. மாத்திரை கொடுத்தோம். அடுத்த முறையும் அதே வளையங்கள். மூன்றாவது முறையும் அப்படியே. அவள் மாத்திரையை விழுங்குவதே இல்லை என்றார் வண்டிக்காரர். அதனால் அவளுக்குக் காய்ச்சல் வருகிற நாளாகப் பார்த்து, ஒரு பிற்பகலில் வீட்டுக்கே போனோம்.

புருஷன் வாசலில் ஒரு தொட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்த்ததும் நாளைக்கு வாருங்கள் என்றார். உள்ளே யாரோ பேசிக்கொண்டிருந்தார்கள். நல்ல தமிழ், தடங்கல் இல்லாத வேகம். இந்தியாவிலிருந்து விருந்தாளி வந்திருக்கிறார்களாக்கும் என்று நினைத்துக்கொண்டே உள்ளே போனேன்.

அவள் மட்டும்தான் இருந்தாள். கம்பளியும் சாக்கும் போர்த்திப் படுத்திருந்தாள். முகம் சிவந்து, கண் திறந்து கூரையைப் பார்த்தபடி இருந்தது.

"எந்திரி கண்ணு. கப்பல் நின்னுடுச்சு. எல்லாரும் எறங்குறாங்க பாரு."

நிறுத்தினாள். யாரோ பதில் சொல்வதைக் கேட்பது போல் தலையைச் சாய்த்தாள். லேசாகச் சிரித்தாள். அது அவளுடைய குரல் இல்லை, அவளைவிடச் சின்ன வயசுக் குரல். மறுபடி ஆரம்பித்தது. தண்ணீர் இருக்கிறது, அழாதே என்கிற மாதிரி எனக்குப் புரிந்தது. திரும்பிப் பார்த்தேன். வண்டிக்காரர் சிலுவைக் குறி போட்டுக்கொண்டு வெளியே போய்க்கொண்டிருந்தார்.

வாசலில் புருஷன் எனக்கு விவரம் சொன்னார். கைக்குழந்தையாகக் கடைசிக் கப்பல்களில் ஒன்றில் வந்தவளாம். வந்த வருஷமே இந்தக் குடியிருப்பில் தாய் காய்ச்சலில் போய்விட்டாளாம். பக்கத்து வீட்டில் போஜ்புரி பேசுகிற வடநாட்டுக்காரி ஒருத்தி எடுத்து வளர்த்தாள். அதனால் அவளுக்கு போஜ்புரி வரும், கிரியோல் வரும், தமிழ் ஒரு வார்த்தை வராது. கோயிலில் எல்லோரும் பாடும்போது கைகூப்பிக்கொண்டு நிற்பாள், அவ்வளவுதான். காய்ச்சல் ஏறினால் மட்டும் இந்தப் பேச்சு. கல்யாணமான புதிதில் பயந்து பூசாரியிடம் போனார், மந்திரக்காரரிடம் போனார். ஒன்றும் நடக்கவில்லை. பிறகு பழகிவிட்டது.

மாத்திரைகளை அவள் அடுப்புச் சாம்பலில் புதைக்கிறாள் என்றும் சொன்னார். ஏன் என்று கேட்டதற்கு அவள் சொன்னதை அப்படியே திருப்பிச் சொன்னார்.

"மோ மாமா வினி."

கிரியோலில் மாமா என்றால் அம்மா. என் அம்மா வருகிறாள். காய்ச்சல் இறங்கினால் பேசியது எதுவும் அவளுக்கு ஞாபகம் இருக்காது. யாரோ தூக்கி வைத்துக்கொண்டிருந்த சூடு மட்டும் உடம்பில் மிச்சம் இருக்குமாம்.

எங்கள் டாக்டரிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. குழந்தையின் காது எல்லாவற்றையும் வாங்கி வைத்துக்கொள்ளும், மூளையில் சூடு ஏறும்போது அது வெளியே வரும் என்று விளக்கினார். இனிமேல் நம் கண் முன்னால் விழுங்க வையுங்கள் என்றார். அவர் சொன்னது சரியாகத்தான் பட்டது. ஆனால் அந்தப் பேச்சில் இருந்த நிறுத்தங்களை, அவள் பதிலுக்குக் காத்திருந்த விதத்தை அவரிடம் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

வீட்டில் அப்பாவிடம் நினைவில் நின்ற வார்த்தைகளைச் சொல்லிக் காட்டினேன். அவருக்குத் தமிழ் தெரியும், அர்த்தம் சொன்னார். யார் சொன்னார்கள் என்று கேட்டார், சொன்னேன். நீங்கள் யார் என்று தமிழில் எப்படிக் கேட்பது என்று கேட்டேன். சொல்லிக்கொடுத்துவிட்டு, அங்கே தனியாகப் போகாதே என்றார்.

அடுத்த காய்ச்சல் நாளில் போனேன். நல்ல வெயில், கொல்லையில் கரும்பு அசையாமல் நின்றது. சுவரில் மருந்து காய்ந்து வெளுத்திருந்தது, வீட்டில் ஒரு பூச்சி இல்லை. வண்டிக்காரர் இறங்க மாட்டேன் என்றார். புருஷன் நிலைப்படியில் நின்றார். நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்து நடுக்கம் ஓயக் காத்திருந்தேன். பேச்சு தொடங்கியது. கப்பல் நின்றது, எழுந்திரு, அழாதே. ஓர் இடைவெளியில் நான் கேட்டேன்.

"நீங்க யாரு?"

பேச்சு நின்றது. அவள் முகம் மெதுவாக என் பக்கம் திரும்பியது. கண் என்னைப் பார்க்கவில்லை.

"நீ யாரு? எந்தக் கப்பல்ல வந்த?"

அந்தக் கேள்வி எனக்கு முழுதாகப் புரிந்தது, அதுதான் பயமாக இருந்தது. அப்பா எனக்குச் சொல்லிக்கொடுத்தது அந்த ஒரு கேள்வி மட்டும்தான். அவள் அவசரப்படவில்லை. வெகுநேரம் கழித்து, களைத்துப்போன குரலில் சொன்னாள்.

"கொழந்தைய வாங்கிக்க. நான் எறங்கல."

கம்பளிக்குள்ளிருந்து இரண்டு கைகளும் வெளியே வந்தன. எதையோ ஏந்தி நீட்டுகிற கைகள். நான் யோசிக்கவில்லை. என் கைகளும் நீண்டன. அவற்றில் எதுவும் வைக்கப்படவில்லை, அது எனக்குத் தெரியும். ஆனாலும் என் முழங்கைகள் கீழே தாழ்ந்தன. அப்படியே உட்கார்ந்திருந்தேன். கையை எடுக்கத் துணிச்சல் வரவில்லை.

பிறகு அவளுக்கு வேர்த்துக் கொட்டியது, தூங்கிப்போனாள். விழித்ததும் கிரியோலில் தண்ணீர் கேட்டாள். கொடுத்தேன். குடித்துவிட்டு என் முன்னால் கையை நீட்டி மாத்திரையும் கேட்டாள். நான் அதைப் பற்றி வாயே திறந்திருக்கவில்லை. கசப்பு மாத்திரை, முகம் சுளிக்காமல் விழுங்கினாள்.

அதன்பின் அவள் ரத்தம் சுத்தமாக இருந்தது. திரும்பத் திரும்பப் பார்த்தேன், ஒரு வளையம்கூட இல்லை. அந்த ஊரிலும் காய்ச்சல் குறைந்துகொண்டே வந்தது. குழந்தைகளின் வயிற்றைத் தொட்டால் மலேரியாவில் வீங்கிய மண்ணீரல் தட்டுப்படுவது அபூர்வமானது.

மறு வருஷம் போனபோது புருஷன் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். கரும்புத் தோட்டத்து இடுகாட்டில் ஒரு மேட்டைக் காட்டி அதுதான் உன் தாய் என்று ஊரார் அவளிடம் சொல்லியிருந்தார்களாம். வருஷா வருஷம் அவள் அங்கே பூ வைப்பாளாம். இந்த வருஷம் போகவில்லை. பஸ் ஏறிக் கடலோர ஊரான சுயாக் போய், பாறை மேலே நின்று பூவைக் கடலில் போட்டுவிட்டு வந்திருக்கிறாள். நீங்கள் அவளிடம் ஏதாவது சொன்னீர்களா என்று கேட்டார்.

நான் சொல்லவில்லை. அவருக்கு அந்தத் தமிழ் புரிந்திருக்கவில்லை. நான் இறங்கவில்லை என்ற அந்தக் கடைசி வாக்கியத்தை என் அப்பாவிடம்கூட நான் சொன்னதில்லை.

அவள் வீட்டுக் கொல்லையில் பருப்பு புடைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். ஏன் அக்கா கடலுக்குப் போனீர்கள் என்று கிரியோலில் கேட்டேன். அந்த மேட்டில் இருப்பது வேறு யாரோ, என் அம்மா இந்த ஊருக்கு வந்ததே இல்லை என்றாள். யார் சொன்னார்கள் என்றேன். யோசித்துப் பார்த்தாள். ஒருவரும் சொல்லவில்லை, ஒரு நாள் எழுந்தபோது தெரிந்திருந்தது என்றாள்.

பிறகு முறத்தைக் கீழே வைத்தாள். என் கைகளைப் பிடித்துத் திருப்பி உள்ளங்கையைப் பார்த்தாள்.

"லி தி லூர்?"

கனமாக இருந்ததா என்று கேட்டாள். எது என்று நான் கேட்கவில்லை. ஆமாம் என்றேன். அவள் தலையை ஆட்டிக்கொண்டு, மறுபடி முறத்தை எடுத்துப் பருப்பிலிருந்து கல்லைப் பொறுக்க ஆரம்பித்தாள். கொஞ்ச நேரம் நானும் கூட உட்கார்ந்து பொறுக்கினேன். வண்டிக்காரர் ஹாரன் அடித்ததும் எழுந்து கிளம்பினேன்.