நான்காவது ஜாப் கார்டு

பழங்காநத்தத்தில் பாண்டிராஜ் நடத்தும் வீட்டு உபயோகப் பொருள் பழுதுபார்க்கும் கடையில், மின்விசிறிக்கு நேர் கீழே ஒரு மேசை இருக்கிறது. வளைகழுத்து விளக்கு, பூதக்கண்ணாடி, பற்றவைக்கும் கருவி எல்லாம் அந்த மேசையில்தான். கடையில் அதற்குப் பெஞ்ச் என்று பெயர். முத்துமீனா அங்கே உட்காருவதற்கு மூன்று ஆண்டுகள் பிடித்தன. பேரையூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து எலெக்ட்ரானிக்ஸ் டிப்ளமோவுடன் வந்தவரை, பெண் பிள்ளை என்பதால் கவுண்டரில் உட்கார்த்தி ரசீது எழுத வைத்தார்கள். மதியச் சாப்பாட்டு நேரத்தில் பெஞ்ச் காலியாக இருக்கும்போது போய்ப் போய் வேலை கற்றுக்கொண்டார். பெஞ்சில் இருந்தவர் சென்ற தை மாதம் திருப்பூருக்குப் போய்விட்டதால் அந்த இடம் அவருக்குக் கிடைத்தது. அதைப் பறிக்கப் பார்த்தது, கோச்சடையிலிருந்து வந்த ஒரு வட்ட வடிவ ரோபோ.

அது தரையைப் பெருக்கித் துடைக்கும் இயந்திரம். வேலை முடிந்ததும் சுவரோரம் உள்ள தன் சார்ஜிங் டாக்குக்கு அதுவாகவே போய் நின்றுகொள்ளும். அதன் அடியில் உள்ள இரண்டு தகடுகள் டாக்கின் இரண்டு முனைகளைத் தொட்டால் சார்ஜ் ஏறும். உரிமையாளர் அழகுபாண்டி கோச்சடையில் டைல்ஸ் கடை வைத்திருப்பவர். தாயார் சின்னத்தாய்க்கு முழங்கால் வலி வந்து குனிய முடியாமல் போனதால் இதை வாங்கினார். வாங்கிய மூன்றாம் மாதம் அது டாக்கில் நின்றபடியே அணைந்து கிடந்தது.

கடையில் பழுது விவரம் எழுதிவைக்கும் முதல் ஜாப் கார்டில் "சார்ஜ் ஏறவில்லை" என்று இருக்கிறது. முத்துமீனா தகடுகளில் லேசான பச்சைக் களிம்பு படிந்திருப்பதைக் கண்டு, அழிப்பானால் தேய்த்து, ஸ்பிரிட்டால் துடைத்தார். கடையிலிருந்த அதே வகை டாக்கில் வைத்ததும் விளக்கு எரிந்தது. செவ்வாய்க்கிழமை கொடுத்தனுப்பினார். பதினோராம் நாள் அது திரும்பி வந்தது. இம்முறை வீட்டு டாக்கையும் கேட்டு வாங்கி, அதன் ஸ்பிரிங் முனைகளையே மாற்றினார். திங்கட்கிழமை போனது, பத்தொன்பதாம் நாள் மறுபடியும் வந்தது. மூன்றாம் முறை அவர் செய்யாத சோதனை இல்லை. பேட்டரி நன்றாக இருந்தது. அடாப்டர் நன்றாக இருந்தது. தண்ணீர்த் தொட்டியைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கண்ணாடி போல் சுத்தமாக இருந்தது. சார்ஜிங் போர்டில் மட்டும் ஒரு மூலை அரித்திருந்தது. எதனால் என்று விளங்கவில்லை. இயந்திரத்தில் துடைத்தெடுக்க ஒரு தூசிகூட இல்லை. அழகுபாண்டியின் மனைவி அஸ்வினி, அழுக்கோடு ஒரு பொருளைக் கடைக்குக் கொடுத்தனுப்பக் கூடாது என்று, ஒவ்வொரு முறையும் அதை ஈரத்துணியால் அங்குலம் அங்குலமாகத் துடைத்துத்தான் அனுப்புவார்.

பாண்டிராஜ் பொறுமை இழந்திருந்தார். புதிய போர்டு வாங்கித் தந்தவர், அதைக் கையில் கொடுக்கும்போதே சொன்னார்.

"மீனா, நாலாவது தடவ இது இந்த வாசல் ஏறுச்சுன்னா நீ கவுண்டருக்கே போயிரு. நம்ம மாப்ள சுருளி சும்மாதான் இருக்கான். பெஞ்சுக்கு அவன் வரட்டும்."

சுருளி அவருடைய தங்கை கணவர். செல்போனுக்குக் கண்ணாடி ஒட்டத் தெரிந்தவர். முத்துமீனா போர்டை மாற்றினார். பிறகு மூன்று ஜாப் கார்டுகளையும் வரிசையாகப் பரப்பி வைத்து, எழுதியிருந்ததையெல்லாம் ஒரு தாளில் கட்டம் போட்டு எடுத்தெழுதினார். நாள் இடைவெளி சீராக இல்லை. அரித்த இடம் ஒவ்வொரு முறையும் சற்று வேறு. மாறாமல் இருந்தது ஒன்றுதான்: மூன்று புகாரும் சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்குள் தொலைபேசியில் வந்தவை. சனிக்கிழமை ஆட்களுக்கு ஓய்வு, அதனால் அன்று கூப்பிடுகிறார்கள் என்றார் பாண்டிராஜ். டைல்ஸ் கடைக்கு ஞாயிறு மட்டும்தான் விடுமுறை என்பதை முத்துமீனா சுட்டிக்காட்டினார். அப்படியானால் கோளாறு வெள்ளிக்கிழமை பிறக்கிறது.

எனவே ரோபோவை யாரும் வந்து வாங்கிப்போக விடாமல், வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கு அவரே கோச்சடைக்கு எடுத்துச் சென்றார். சின்னத்தாய் வாசலிலேயே காத்திருந்து, இயந்திரம் வந்துவிட்டதே என்று மகிழ்ந்து, அவருக்குக் காப்பி கொடுத்தார். பிறகு தண்ணீர்த் தொட்டியைத் தாமே கழற்றிக்கொண்டு சமையலறைக்குப் போனார். முத்துமீனா தம்ளருடன் பின்னால் போய் நின்றார். சின்னத்தாய் ஒரு சொம்புத் தண்ணீரில் கைநிறையக் கல்லுப்பை அள்ளிப் போட்டு, கரையும்வரை கலக்கி, வெள்ளைத் துணியில் வடிகட்டித் தொட்டியில் ஊற்றினார்.

"என்னத்தா அப்படிப் பாக்குற? கல்லோட ஊத்துனா அடச்சுக்கிரும்ல. அதான் வடிகட்டுறேன். இம்புட்டு விலை குடுத்து வாங்குன சாமான்."

பத்து வாரமாகத் தேடியதற்கு விடை கிடைத்த நிம்மதி முத்துமீனாவுக்கு அரை நிமிடம்கூட நீடிக்கவில்லை. உப்புத் தண்ணீர் இயந்திரத்தின் துடைப்புத் துணி வழியாகத் தரையில் பரவுகிறது, இயந்திரம் அந்த ஈரத்தின் மேலேயே உருண்டு போய் டாக்கில் நிற்கிறது, மின்சாரமும் உப்பும் சேர்ந்து தகட்டை அரிக்கின்றன என்று அவர் நிதானமாக விளக்கினார். சின்னத்தாய் கவனமாகக் கேட்டார்.

"உப்பு இரும்பத் திங்கும்னு எனக்குத் தெரியாதாக்கும்? இது பிளாஸ்டிக்குல்ல."

"அடியில ரெண்டு தகடு இருக்கும்மா. அதத்தான் திங்குது."

"அப்ப தகட்ட நல்ல தகடாப் போடச் சொல்லு. வெள்ளிக்கெழமை உப்புப் போடாமத் தொடச்சா அது வீடு தொடச்ச மாதிரியா? கண்ணு பட்டதெல்லாம் அப்படியே கெடக்கும்."

அலுவலகத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்த அஸ்வினி இதைக் கேட்டு அறையிலிருந்து வந்தார். மாமியாரிடம் வாதாடாமல், வெள்ளிக்கிழமை மட்டும் தாமே சற்று முன்னதாக எழுந்து உப்புத் தண்ணீரால் கையால் துடைத்துவிடுவதாகச் சொன்னார். ரோபோவின் கால அட்டவணையிலிருந்து முத்துமீனா வெள்ளிக்கிழமையை நீக்கினார். அதற்கும் வாரம் ஒருநாள் லீவா என்று சின்னத்தாய் சிரித்தார். தொட்டியிலிருந்த உப்புத் தண்ணீரைக் கொட்டிக் கழுவி, டாக்கையும் ஒருமுறை துடைத்து வைத்துவிட்டு முத்துமீனா கிளம்பினார்.

கடைக்கு வந்து சேர்வதற்குள் அழகுபாண்டியின் அழைப்பு முந்திக்கொண்டது. நாற்பது வருஷமாக அம்மா செய்கிற காரியத்தைக் குறை சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள் உங்கள் பெண் என்று அவர் பேசியிருந்தார். காரணம் எழுதும் கட்டத்தில் "தொட்டியில் உப்பு நீர்" என்று முத்துமீனா எழுதியதைப் பாண்டிராஜ் படித்தார். பேனாவை வாங்கி ஒரே கோடாக அடித்தார்.

"வேலை ஓடலன்னா ஓடலன்னு சொல்லு. கஸ்டமர் வீட்டுக்கே போயி அவுக அம்மா மேல பழியப் போட்டுட்டு வருவியா?"

"போடலண்ணே. பார்த்ததச் சொன்னேன்."

"தொட்டி சுத்தமா இருக்குன்னு இதே கார்டுல மேல நீதான எழுதியிருக்க?"

ஆம், எழுதியிருந்தது அவர்தான். வடிகட்டிய உப்புத் தண்ணீரும் துடைத்து அனுப்பப்பட்ட இயந்திரமும் சேர்ந்து தடயத்தை அழித்துவிட்டன என்பதை அவரால் சொல்ல முடிந்தது, காட்ட முடியவில்லை. அடித்த கோட்டின் கீழே "உதிரிபாகத் தேய்மானம்" என்று பாண்டிராஜ் எழுதினார்.

அதன்பின் வந்த நான்கு சனிக்கிழமைகளிலும் தொலைபேசி மணி அடித்தபோதெல்லாம் முத்துமீனா கையிலிருந்த வேலையை நிறுத்தினார். மிக்சி, அயர்ன்பாக்ஸ், வேறு ரோபோக்கள் என்று எல்லாம் வந்தன. கோச்சடை மட்டும் வரவில்லை. பாண்டிராஜும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

இருபத்தைந்தாம் நாள், செவ்வாய்க்கிழமை, அழகுபாண்டி டைல்ஸ் கடைக்குப் போகும் வழியில் நேரே வந்து இரண்டு பைகளைக் கவுண்டரில் வைத்தார். ஒன்றில் ரோபோ, மற்றொன்றில் டாக்.

"இந்தாங்கண்ணே, பொண்ணு நாலாவது தடவையா மறுவீடு வந்திருக்கு. விருந்து வச்சு அனுப்புங்க."

பாண்டிராஜ் சிரிக்கவில்லை. முத்துமீனாவைப் பார்த்துவிட்டு, சுருளியின் எண்ணைத் தேடுவதற்காகப் போனை எடுத்தார். முத்துமீனா வந்து ரோபோவைக் கவிழ்த்தார். எப்போதும் பளபளவென்று வரும் அடிப்பாகம் இன்று அப்படி இல்லை. சக்கரங்களைச் சுற்றியும் தகடுகளைச் சுற்றியும், வியர்வை காய்ந்த சட்டைபோல வெள்ளை வெள்ளையாகப் படிந்திருந்தது. மேற்பூச்சு ஏற்கனவே போயிருந்த தகடுகளில் புதுப் பச்சை. அவர் விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார்.

"அஸ்வினி அக்கா ஊர்ல இல்லையாண்ணே?"

ஞாயிற்றுக்கிழமையே பேரையூரில் உள்ள அம்மா வீட்டுக்குப் போயிருப்பதாக அழகுபாண்டி சொன்னார். முத்துமீனா சுவரிலிருந்த தினசரிக் காலண்டரைத் திரும்பிப் பார்த்தார். திங்கட்கிழமைத் தாள் இன்னும் கிழிக்கப்படவில்லை. அமாவாசை. வெள்ளிக்கிழமையை நீக்கியபோது அமாவாசையைப் பற்றிக் கேட்க அவருக்குத் தோன்றவில்லை. அவருடைய சொந்த அம்மா பாண்டியம்மாளே அமாவாசையன்று உப்புப் போட்டுத்தான் வீடு துடைப்பார். கையால் துடைக்க மருமகள் இல்லாத வீட்டில், சின்னத்தாய் இயந்திரத்தின் தலையிலுள்ள பொத்தானை அமுக்கியிருக்கிறார். துடைத்து அனுப்பவும் ஆள் இல்லை.

அவர் ரோபோவைக் கவுண்டரின் மேலே பாண்டிராஜ் பக்கம் தள்ளினார்.

"அண்ணே, சுருளி அண்ணனக் கூப்புடுறதுக்கு முன்னாடி இதுல விரல வச்சு, நாக்குல வச்சுப் பாருங்க."

பாண்டிராஜ் அவரை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு தொட்டு, வாயில் வைத்தார். முகம் சுளித்தது. தம்ளர் தண்ணீரை எடுத்துக் கொப்பளித்து வெளியே துப்பிவிட்டு வந்து, ரோபோவை அழகுபாண்டி பக்கம் திருப்பினார்.

"நீங்களும் பாருங்க தம்பி."

அழகுபாண்டி வெள்ளைப் படிவை உற்றுப் பார்த்தார், தொடவில்லை. பாண்டிராஜ் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, புதிய ஜாப் கார்டை எடுத்து, காரணம் எழுதும் கட்டத்தில் தம் கையாலேயே "உப்பு" என்று எழுதினார். பிறகு பழைய கார்டைத் தேடியெடுத்து, தாம் எழுதியதையும் ஒரு கோடு அடித்தார்.

"இத அம்மாகிட்ட யாருண்ணே சொல்றது?" என்று அழகுபாண்டி கேட்டார்.

பாண்டிராஜ் காலண்டர் தாளைக் கிழிப்பதில் மும்முரமாக இருந்தார். முத்துமீனா ரோபோவைத் தூக்கிக்கொண்டு மின்விசிறியின் கீழ் போய் உட்கார்ந்து, இழுப்பறையிலிருந்து அழிப்பானை எடுத்து, முதல் தகட்டிலிருந்து தேய்க்க ஆரம்பித்தார்.