நீக்கினால் சேர்ப்பேன்

கார்த்திகை ஒன்பது, செவ்வாய்க்கிழமை, காலை ஐந்து ஐம்பது. தூறல்; மேற்கே இருட்டு. பால் வாங்கப் போனவன் பொன்னேரி ஸ்டேஷனில் ஒதுங்கினேன். நடைமேடையில் பதினொரு பேர். பதினொருவரும் குனிந்து, ரயில் எங்கே வருகிறது என்று கைப்பேசியில் ஒரு புள்ளியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாரும் யாரையும் கேட்கவில்லை. எனக்கு எரிச்சல் வந்தது. எனக்கு எதற்குத்தான் வராது?

நனைந்த தண்டவாளத்தின் இரும்பு வாசனைதான் அந்தக் குழுவை நினைவுக்குக் கொண்டுவந்தது. ஓய்வு பெற்ற பிறகு தேர்வாய் கண்டிகையில் ஒரு கம்பெனியில் ஸ்டோர் கணக்கு பார்த்தேன். அப்போது வாட்ஸ்அப்பில் 'ஏழு மணி ஷிப்ட்' என்று ஒரு குழு, நாற்பத்திரண்டு பேர். ரயிலில் கும்மிடிப்பூண்டி, அங்கிருந்து ஷேர் ஆட்டோ; ஏழுக்குள் எல்லோரும் கம்பெனி கேட்டைத் தாண்டிவிட வேண்டும், அவ்வளவுதான் நோக்கம். மீஞ்சூரில் ஏறுகிறவர் 'வண்டி எடுத்தான்' என்று போட்டால், கவரைப்பேட்டைக்காரர் நிதானமாகப் பல் தேய்க்கலாம். ஆளுக்கொரு இடத்தில் நின்றதால்தான் எங்களுக்கு ரயில் முழுசாகத் தெரிந்தது.

வெங்கட்டய்யா மட்டும் ரயிலே ஏறாதவர். எளாவூர் செக்போஸ்ட் அருகே டீக்கடை. யாரோ சேர்த்துவிட்டார்கள். விடிந்ததும் ஒரு ரோஜாப்பூ படம், பின்னாலேயே, டீ ஆற்றும் சத்தத்தோடு அவர் குரல்: "நைனா, ரோட்டுல லாரி நிக்கிது. ரயிலு டயத்துக்கு வந்து இன்னா புண்ணியம்? ஆட்டோ எங்க போவும்?"

என்னோடு அட்மினாக இருந்த சூப்பர்வைசர் மனோகருக்குப் பொறுக்கவில்லை.

"சார், இது ரயில் குரூப்பு. ரோட்டுக் கதை இன்னாத்துக்கு? தூக்கிடலாம்."

"அவரும் ஏழு மணி ஷிப்டுக்காகத்தானேப்பா பேசறாரு?"

"எல்லாரும் ஒரே மாரி பேசனாதான் சார் குரூப்பு."

"அதுக்கு நீ ஒருத்தனே போதுமே."

நீக்கினார். சேர்த்தேன். மூன்று முறை நீக்கினார், மூன்று முறையும் சேர்த்தேன். ரோஜாப்பூ எனக்கும் பிடிக்காது. அது வேறு விஷயம். மனோகர் என்னையே வெளியேறச் சொன்னார். "போக மாட்டேன், அவரையும் அனுப்ப மாட்டேன்" என்று நாற்பத்திரண்டு பேரும் படிக்கும்படி எழுதினேன்.

அதே வாரம். மீஞ்சூர் சுசீலா, கான்ட்ராக்டில் இருந்த பெண், அந்த மாதத்தில் இரண்டு முறை தாமதம். மூன்றாவது ஆனால் வேலை போய்விடும். அன்று ரயில் சரியான நேரத்துக்கு வந்தது. கும்மிடிப்பூண்டியில் இறங்கும்போதே வெங்கட்டய்யா குரல்: "லாரி கவுந்துகினு கெடக்குது நைனா. ஹைவே பக்கம் வராதீங்க, ஒரே பேஜாரு."

ஷேர் ஆட்டோக்கள் எல்லாம் ஹைவே வழிதான் போகும். ஊர்களுக்குள் சுற்றிப் போக ஒரே ஒருவன் சம்மதித்தான். நானூறு கேட்டான், மூன்று பேருக்கு மேல் ஏற்ற மாட்டேன் என்றான். சுசீலாவையும் இன்னும் இரண்டு பெண்களையும் ஏற்றி, பணத்தையும் கொடுத்தேன்.

"இன்னா சார், நீ வரல?"

"இடமில்ல. ஏறும்மா, பேசிக்கினு நிக்காத."

ஆறு ஐம்பத்தாறுக்கு அவள் செய்தி: 'உள்ள பூந்துட்டேன் சார். ஆனா அந்த ரோஜாப்பூ வேணாம்னு அவர்கிட்ட நீயே சொல்லு.' மனோகர் எந்த வழியாகப் போனார் என்பதை நான் எழுதப்போவதில்லை.

இப்போது கம்பெனி பஸ்ஸே ஸ்டேஷனுக்கு வருகிறது. வெங்கட்டய்யா கடை இருந்த இடத்தில் ரோடு அகலமாகிவிட்டது. அவர் எண்ணில் வேறு யாரோ எடுக்கிறார்கள். சுசீலா ஸ்ரீபெரும்புதூர் பக்கம் போய்விட்டாள். ஒவ்வொருவராக விலகி, குழுவும் இல்லை. கைப்பேசியில் புள்ளி சரியாகத்தான் நகர்கிறது. 'ரயில் வந்து இன்னா புண்ணியம்' என்று கேட்க அதில் ஆள் இல்லை.

லாரி கவிழ்ந்த அன்று நான் எட்டே காலுக்குத்தான் கம்பெனிக்குப் போய்ச் சேர்ந்தேன். ஆட்டோ நானூறு, தாமதத்துக்காக என்னிடம் பிடித்துக்கொண்ட அரை நாள் சம்பளம் முந்நூற்று இருபத்தைந்து. ஒரு மனிதரைக் குழுவில் வைத்துக்கொண்டதற்கு எனக்கு ஆன செலவு, ஆக மொத்தம், எழுநூற்று இருபத்தைந்து ரூபாய்.