காவிரிப் பாலத்தில் ஏறிய முள்

‘ஜூன் 14, சனி. காலை 9.40. காவிரிப் பாலத்தின் நடுவில் டெம்பரேச்சர் முள் சிவப்பைத் தொட்டது.’ என் பழைய காருக்கு வேறு எஞ்சின் மாற்றிய மறுநாள் குறிப்பேட்டில் எழுதியது இது. அன்று மாலையே ஸ்ரீரங்கத்தில் எங்கள் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில், மெக்கானிக் பஷீரின் பெயரைப் போட்டு, ‘செத்த எஞ்சினை என் தலையில் கட்டிவிட்டார்’ என்றும் எழுதினேன்.

ஜூன் 17, காலை 8.15. எடமலைப்பட்டி புதூரில் அவருடைய பட்டறையிலிருந்து காரைச் சோதிக்கக் கிளம்பினோம். என் வீட்டுக்குப் பதினோரு கிலோமீட்டர். பஷீர் பக்கத்து இருக்கையில். 

8.55. பாலத்தில் நெரிசல். கீழே புதுத் தண்ணீர் கலங்கலாக ஓடியது. எனக்கு முள்ளைத் தவிர எதுவும் கண்ணில் படவில்லை.

“பாய், நிறுத்திடட்டா? வெடிச்சிடப் போவுது!”

“எஞ்சின் வெடிக்காது சார். நீங்கதான் வெடிச்சிடுவீங்க போலிருக்கு. ஓட்டுங்க.”

9.05. அம்மா மண்டபம் சாலையில் ஓரங்கட்டினேன். பஷீர் பானெட்டைத் திறந்து, துப்பாக்கி போன்ற கருவியால் எஞ்சினின் வெப்பத்தை அளந்தார். 91 டிகிரி. ரேடியேட்டர் குழாயில் 87. ஃபேனும் ஒழுங்காகச் சுற்றியது. முள் மட்டும் சிவப்பில்.

“சூடே இல்ல சார். இந்த எஞ்சினோட சென்சார் உங்க மீட்டருக்குச் சேராது, அதான் தப்பாக் காட்டுது. பழைய சென்சார மாத்திப் போடறேன்னு அன்னைக்கே சொன்னேனே.”

சொல்லியிருந்தார். ‘பழைய எஞ்சினிலிருந்து ஒரு திருகுகூட இதில் வரக்கூடாது’ என்று தாளில் எழுதி, தேதியிட்டு, அவரிடம் கையெழுத்து வாங்கியவன் நான்தான்.

எஞ்சின் ஆறும்வரை டீ குடித்தோம். ஒன்று பதினைந்து ரூபாய். 10.20க்குத் தன் பெட்டியில் வைத்திருந்த பழைய சென்சாரைப் பொருத்தினார். பாலத்தை ஒருமுறை கடந்துபோய் ஸ்ரீரங்கத்துக்கே திரும்பினோம். முள் பாதியைத் தாண்டவில்லை.

“பாய், குரூப்ல நான் எழுதினது...”

“பார்த்தேன் சார். ஞாயித்துக்கிழமை உங்க ஃப்ளாட்காரங்க ரெண்டு பேர் வந்து, பாதி வேலையில கெடந்த வண்டிய எடுத்துட்டுப் போயிட்டாங்க.”

“நான் எழுதினதாலயா?”

“எனக்கென்ன சார் தெரியும்? அவங்க காரணம் சொல்லல.”

11.30. அவரைப் பஸ் ஏற்றிவிட்டு, தவறு என்னுடையது என்று அதே குழுவில் நடந்ததை முழுதும் எழுதினேன். பலர் பார்த்தார்கள். யாரும் பதில் எழுதவில்லை.

அந்த இருவர் வண்டியை எடுத்தது என் பதிவால்தானா என்பது இன்றுவரை உறுதியாகவில்லை. இருவரும் தினமும் மாடிப்படியில் எதிரே வருகிறார்கள். நான் கேட்கவில்லை.