சர்க்கரை ஆராய்ச்சியும் ஒரு தாழ்ப்பாளும்

முன்பின் தெரியாத பெண்களிடம் போய், "நேற்று என்ன சாப்பிட்டீர்கள்?" என்று கேட்பதற்குச் சம்பளம் தருகிற உத்தியோகம் ஒன்று உண்டு என்றால் யாரும் நம்புவதில்லை; என்னைப் பெண் பார்க்க வந்தவர்களே இரண்டு தடவை நம்பாமல் எழுந்து போயிருக்கிறார்கள். சென்சஸ், சொட்டு மருந்து, இன்சூரன்ஸ் என்று ஏதாவது ஒன்றுக்காகத் தோளில் பையை மாட்டிக்கொண்டு ஊரான் வீட்டு நாய்க்குப் பயந்து வேலியோரம் நின்றவர்களுக்கு நான் சொல்வது புரியும். மற்றவர்கள் சும்மா வாசித்து வையுங்கள்.

தொண்ணூறுகளில் பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பக்கத்துக் கிராமங்களில், பெண்களுக்கு வருகிற சர்க்கரை வியாதியைப் பற்றி ஒரு ஆராய்ச்சி நடந்தது. என்ன சாப்பிடுகிறார்கள், சர்க்கரை எவ்வளவு, மனசு எப்படி இருக்கிறது, மூன்றையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும் என்பது திருவனந்தபுரத்தில் இருந்த எங்கள் டாக்டரம்மாவின் பிடிவாதம். மனசில் பாரத்தை வைத்துக்கொண்டு மாத்திரை விழுங்கிப் பிரயோஜனமில்லை என்பார். மனையியல் படித்திருந்தேன், தமிழும் மலையாளமும் தெரியும், அதனால் எனக்கு வேலை கிடைத்தது. மனசைப் பற்றிய கேள்விகளுக்கு மட்டும் ஒரு சட்டம் உண்டு. எந்தப் பெண்ணையும் தனியாக வைத்துத்தான் கேட்க வேண்டும். பக்கத்தில் வேறு யாராவது இருந்தால் பதில் எழுதிய தாள் செல்லாது. சட்டம் போட்டவர்கள் எங்கள் ஊர்ப் பக்கத்து வீடுகளைப் பார்த்ததே இல்லை என்பது போகப் போகத்தான் தெரிந்தது.

வெறும் வயிறு

உதியன்குளங்கரையில் ஒரு பள்ளிக்கூட வராந்தாவில் கேம்ப் போட்டு, ரத்தம் எடுக்க எல்லாரையும் வெறும் வயிற்றோடு வரச் சொல்லியிருந்தோம். காலையிலேயே நல்ல கூட்டம். ஏதாவது சாப்பிட்டீர்களா என்று ஒவ்வொருவரிடமும் கேட்டேன். ஒருத்தர்கூடச் சாப்பிட்டிருக்கவில்லை. என்ன ஒழுக்கமான ஜனங்கள் என்று எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. சாயங்காலம் டாக்டரம்மா போனில் கூப்பிட்டு, "இவ்வளவு சர்க்கரையை ரத்தத்தில் வைத்துக்கொண்டு இவர்கள் எப்படி நடந்து வந்தார்கள்? தூக்கிக்கொண்டு வந்தீர்களா?" என்று கேட்டார்.

மறுநாள் வரிசையில் முதலில் நின்ற அம்மாளைத் தேடிப் பிடித்து, காலையில் எழுந்ததிலிருந்து என்னென்ன செய்தார் என்று மெதுவாக விசாரித்தேன். பால் இல்லாமல் சர்க்கரை போட்டு ஒரு கட்டஞ்சாயா குடித்திருக்கிறார். அவித்த மரச்சீனிக் கிழங்கும் முந்தின நாள் மீன்கறியும் கொஞ்சம். வருகிற வழியில் தளர்ச்சியாக இருந்ததால் ஒரு ஏத்தம்பழம். வெறும் வயிறு என்று படித்துப் படித்துச் சொன்னேனே அம்மா என்றதும் அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"நான் சோறு தின்னல்லியே டீச்சரே! சோறு விழாத வயிறு வெறும் வயிறாக்கும்."

நின்று தின்றது

அடுத்த தலைவலி சாப்பாட்டுக் கணக்கு. நேற்று முழுக்க என்ன தின்றார்கள் என்று வீடு வீடாகக் கேட்டு எழுதி அனுப்பினேன். டாக்டரம்மா மறுபடி கூப்பிட்டார். "நீ எழுதியிருப்பதைப் பார்த்தால் இந்தப் பெண்களெல்லாம் போன ஓணத்துக்கு முன்பே செத்திருக்க வேண்டும். எடை மட்டும் எப்படி ஏறுகிறது?" என்றார். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. திருப்புறத்தில் லலிதா என்ற பெண்ணின் அடுக்களையில் காலையிலேயே போய் உட்கார்ந்துகொண்டேன். லலிதாவுக்கு என் வயசுதான் இருக்கும். சர்க்கரை அளவு பயப்படுகிற மாதிரி. முகத்தில் எப்போதும் ஒரு அசதி. கேட்டதற்கு மேல் ஒரு வார்த்தை பேச மாட்டாள்.

அவள் உட்காரவே இல்லை. பிள்ளை மிச்சம் வைத்த தோசையை வாயில் போட்டாள். வெந்ததா என்று பார்க்க மரச்சீனி, உப்பு பார்க்கக் குழம்பு, துருவும்போது தேங்காய், புருஷன் கிளாஸின் அடியில் கிடந்த பாதிச் சாயா, பானையில் மீந்துபோன பழஞ்சிச் சோறு. எல்லாம் போகிற போக்கில், அடுப்புக்கும் அம்மிக்கும் நடுவில். மத்தியானம் ஆனதும், இன்றைக்கு என்னென்ன சாப்பிட்டாய் என்று கேட்டேன். ஒன்றுமில்லை என்றாள். அப்படியானால் நான் இவ்வளவு நேரம் பார்த்தது என்ன என்றேன். அவள் நிஜமாகவே ஆச்சரியப்பட்டாள்.

"அது நின்னுட்டு தின்னதில்லியா அக்கா. அதையெல்லாம் தீனில கூட்டுவாவளா?"

எடை

லலிதாவின் மாமியார் தங்கம்மைக்கு எங்கள் எடை மெஷின் மேல் அபாரப் பிரியம். அதை முற்றத்தில் வைத்தால் போதும், அக்கம்பக்கத்து வீடுகளுக்கு ஆள் போய்விடும். ஒருத்தர் வாழைக்குலையைக் கொண்டுவந்து வைத்து, கடைக்காரன் ஏமாற்றிவிட்டான் என்று கண்டுபிடித்தார். இன்னொருத்தர் கோழியோடு வந்தார். அது முள்ளைப் பார்த்து மிரண்டு என் பைக்குள் ஏறிக்கொண்டது. கடைசியில் லலிதா ஏறி நின்றாள். முள் எழுபதைத் தாண்டியதும் தங்கம்மை கூட்டத்தைப் பெருமையாக ஒரு சுற்றுப் பார்த்தார். "கெட்டிக்கொண்டு வந்தப்ப நாப்பத்தஞ்சு. எல்லாரும் கண்டுக்கோ," என்றார்.

இந்த எடை குறைந்தால்தான் சர்க்கரை குறையும், இவளுக்குச் சாப்பாட்டை மாற்ற வேண்டும் என்று நான் விளக்கினேன். லலிதா, யாருடைய எடையையோ பார்ப்பதுபோல அந்த முள்ளையே பார்த்துக்கொண்டு நின்றாள். தங்கம்மைக்கு மூக்குக்கு மேல் கோபம்.

"மெலிய வச்சா அவளுக்க அம்மை வீட்டுக்காரங்க வந்து, தங்கம்மை எங்க பிள்ளைக்கு தீனி போடல்லன்னு சொல்லமாட்டாவளா? கொறைக்கணுமானா சுகர மட்டும் கொறை!"

தனியாக

லலிதாவின் சர்க்கரை இறங்கவே இல்லை. டாக்டரம்மா மாத்திரையைக் கூட்டினார், திரும்பவும் கூட்டினார். அதற்கப்புறம் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "இந்தப் பெண்ணுக்குள் வேறு என்னவோ இருக்கிறது. அது தெரியாமல் இனி நான் மருந்து எழுத மாட்டேன். மனசுக் கேள்விகளைக் கேட்டுக்கொண்டு வா. தனியாக!" என்றார். எனக்கும் அந்தப் பெண்ணை நினைத்தால் பயமாகத்தான் இருந்தது.

போய், தனியாகக் கேட்க வேண்டும் என்றேன். "கேளு மக்கா, இங்க அன்னியர் ஆருமில்ல," என்றார் தங்கம்மை. அன்னியர் இல்லாத அந்தக் கூட்டத்தில் தங்கம்மை, பக்கத்து வீட்டு அம்மாள், கூடையை இறக்கி வைத்துவிட்டு உட்கார்ந்த மீன்காரி எல்லாரும் இருந்தார்கள். அடுக்களைக்கு மாறினோம், அவர்களும் மாறினார்கள். பிலா மரத்தடிக்குப் போனோம். மரியாதை தெரிந்தவர்கள், எங்களுக்கு நாற்காலியும் எடுத்துக்கொண்டு வந்தார்கள். சலித்துப்போய், காரணமில்லாமல் அழுகை வருமா என்று ஒரே ஒரு கேள்வியைக் கேட்டுத் தொலைத்தேன். போன செவ்வாய்க்கிழமை லலிதாவின் கண் சிவந்து கிடந்ததைப் பார்த்தேன் என்றாள் மீன்காரி. அது உள்ளி உரித்ததால் என்றார் பக்கத்து வீட்டு அம்மாள். கொஞ்ச நேரம் வாதம் நடந்து, உள்ளிதான் என்று முடிவாயிற்று. லலிதா ஒரே தடவை வாயைத் திறந்தாள், யாருக்கெல்லாம் சாயா வேண்டும் என்று கேட்பதற்கு. தங்கம்மை என் தாளில் விரலை வைத்துக் காட்டினார்.

"எனக்க மருமவளுக்கு ஒரு வெசனமும் இல்ல. இருந்தா எங்களுக்கு தெரியாம இருக்குமா? இல்லன்னு எழுது."

குப்பி

அடுத்த முறை போனபோது மூத்திரப் பரிசோதனைக்கு ஒரு குப்பி கொண்டுபோனேன். வீட்டுக்குப் பின்னால், கிணற்றுக்கு அப்பால் தகரக் கதவு போட்ட குளியலறை. லலிதா குப்பியோடு உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டாள். நான் கதவருகில் நின்றேன். திரும்பிப் பார்த்தால், அடுக்களை வரைக்கும் மரத்தடி வரைக்கும் துரத்தி வந்த அந்தக் கூட்டம் கிணற்றுக்கு அந்தப் பக்கமே நின்றுவிட்டது. ஒருத்தரும் ஓரடி முன்னால் வைக்கவில்லை. எனக்கு அப்போதுதான் உறைத்தது. தகரத்தில் வாயை வைத்துச் சொன்னேன்: "லலிதா, மனசுக் கேள்விதான். நீ பேசவே வேண்டாம். ஆமான்னா ஒரு கப்பு தண்ணி ஊத்து. இல்லன்னா சும்மா இரு."

ராத்திரி தூக்கம் வராமல் கிடப்பாயா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் கழித்து ஒரு கப்புத் தண்ணீர் விழுந்தது. சும்மா சும்மா பயம் வருமா? தண்ணீர். பிடித்த வேலைகூட இப்போது பிடிக்காமல் போனதா? தண்ணீர். காரணம் தெரியாமல் அழுகை வருமா என்று கேட்டபோது ஒரு கப்பு விழுந்தது, நான் அடுத்ததைக் கேட்பதற்குள் இன்னொன்றும் விழுந்தது, பிறகு வாளியையே கவிழ்த்துவிட்டாள். "ஏட்டி, மூத்திரம் எடுக்க இவ்வளவு தண்ணியா! அவ்வளவும் கோரி வச்ச தண்ணியாக்கும்!" என்று கிணற்றடியிலிருந்து தங்கம்மை கத்தினார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. ஒரு கேள்விதான் மிச்சம். வாழ்ந்து என்ன பிரயோஜனம் என்று தோன்றுகிறதா?

ஒரு சத்தமும் இல்லை. இல்லை என்று அர்த்தமா, வாளியில் தண்ணீர் இல்லை என்று அர்த்தமா? லலிதா, லலிதா என்று தகரத்தைச் சுரண்டினேன். அதற்கப்புறம்தான் அந்தப் பெண்ணின் குரல் வந்தது.

"தோணியதுண்டு அக்கா. இப்ப தோணல்ல. அடுத்த மாசமும் குப்பி கொண்டு வருவியளா?"

பெரிய குப்பி

கதவு நடுவில் இருந்தால் தனியாகத்தான் கணக்கு என்று டாக்டரம்மா அந்தத் தாளை ஏற்றுக்கொண்டார். கேள்வி கேட்ட விதத்தைச் சொன்னபோது விழுந்து விழுந்து சிரித்தார். தாளைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டார். அந்த வாரமே லலிதாவை வரவழைத்து, மனநல டாக்டரிடம் தானே அழைத்துப்போனார். மருந்துச் சீட்டில் மாத்திரைக்குக் கீழே, எல்லாரோடும் உட்கார்ந்து தட்டில் போட்டுத்தான் சாப்பிட வேண்டும், மாதாமாதம் மூத்திரம் பார்க்க வேண்டும் என்றும் எழுதினார். டாக்டர் எழுதிவிட்டால் தங்கம்மைக்கு மறுபேச்சில்லை. லலிதா உட்கார்ந்து சாப்பிட்டாள். மெல்ல மெல்லச் சர்க்கரை இறங்கியது, எடையும் இறங்கியது. ஒரு நாள் எடை மெஷினில் ஏறிய கோழியைப் பார்த்து அவள் வாய்விட்டுச் சிரித்தபோது எனக்குச் சம்பளம் கிடைத்த நாளைவிடச் சந்தோஷமாக இருந்தது.

குளியலறைக்குள் நடந்த விஷயம் எப்படிக் கசிந்தது என்று தெரியவில்லை. பிறகொரு மாதம் போனால் கிணற்றடியில் பெண்கள் வரிசை. உள்ளிதான் காரணம் என்று தீர்ப்புச் சொன்ன பக்கத்து வீட்டு அம்மாள் முதல் ஆளாக, நிறைந்த வாளியோடு நின்றார். அவருக்குப் பின்னால் மீன்காரி. அவர்களுக்கெல்லாம் மூத்திரம் பார்க்கச் சொல்லி யாரும் எழுதவே இல்லை. ஆனாலும் ஒவ்வொருத்தராக உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டார்கள். நானும் தகரத்தில் வாயை வைத்துத் தொண்டை கட்டும்வரை கேட்டேன். எல்லாரும் போன பிறகு தங்கம்மை வந்தார். லலிதா அடுக்களையில்தான் இருக்கிறாளா என்று ஒரு தடவை எட்டிப் பார்த்துக்கொண்டார். என் கையிலிருந்த குப்பியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்.

"இது எனக்கு போதாது மக்கா. கொஞ்சம் பெரிசா ஒண்ணு உண்டா?"

எங்கள் பக்கத்துப் பெண்களின் சர்க்கரையைக் கண்டுபிடிக்கப் போன அந்த ஆராய்ச்சியில் நான் கண்டுபிடித்ததெல்லாம், அவர்களுக்கென்று தாழ்ப்பாள் உள்ள இடம் வீட்டில் ஒன்றே ஒன்றுதான், அதற்குள் போவதற்கும் கையில் ஒரு குப்பி வேண்டும் என்பதைத்தான்.