இரண்டை மறந்த சித்திகா

கோட்டைமேட்டில் பாத்திரக் கடை வைத்திருக்கும் அப்துல் குத்தூஸிடம், மகள் சித்திகா என்ன செய்கிறாள் என்று யாராவது கேட்டுவிட்டால் போதும், அன்றைய வியாபாரம் படுத்துவிடும். "எம் பொண்ணு நம்பருகள ஆராய்ச்சி பண்ணுதுங்க" என்று தொடங்குவார். அதற்கு மேல் அவருக்கும் தெரியாது, கேட்டவருக்கும் புரியாது.

கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டே, பகா எண்களைப் பற்றிய ஒரே கணக்கோடு பத்துப் பன்னிரண்டு வருடம் மல்லுக்கட்டினாள் சித்திகா. வந்த வரன்களையெல்லாம் அந்தக் கணக்கே விரட்டியடித்தது. போன வருடம் ஒருவழியாக நிரூபணம் கிடைத்தது. ஆய்விதழும் ஏற்றுக்கொண்டது. கல்லூரி வாசலில் அவள் படத்தோடு ஃபிளெக்ஸ் வைத்து, பாராட்டு விழாவுக்கு நாளும் குறித்துவிட்டார்கள். பேராசிரியர் பதவி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது.

விழாப் பேச்சுக்காகச் சின்ன எண்களைப் போட்டுப் பார்த்தபோதுதான் குட்டு உடைந்தது. பகா எண்களில் இரட்டைப்படையானது இரண்டு மட்டும்தான். அது எதிலும் ஒத்துவராத தொல்லை. அதனால் இந்தத் துறைக்காரர்கள் அதை முதலில் ஒதுக்கி வைத்துவிட்டு, கடைசியில் தனியாகக் கவனிப்பார்கள். சித்திகாவும் ஒதுக்கினாள், கவனிக்க மறந்துபோனாள். அவளுடைய நிரூபணத்திலோ ஒவ்வொரு பகா எண்ணும் முந்தையதன் மேல்தான் நின்றது. எல்லாவற்றுக்கும் அடியில் இரண்டு. அந்த இரண்டுக்கே அவள் கூற்று பொருந்தவில்லை; அடி சரிந்ததும் மேலே எதுவும் நிற்கவில்லை.

யாருமே கண்டுபிடிக்கவில்லை. வாயைத் திறக்காமல் இருந்திருக்கலாம். அவளால் முடியவில்லை.

மேடையில் மைக்கை வாங்கினாள். "என் நிரூபணம் தப்புங்க. ரெண்டுங்கற எண்ணை விட்டுப்போட்டேன். கட்டுரையக் காலையிலயே திரும்ப வாங்கிட்டேனுங்க."

துறைத்தலைவர் செங்கோட்டையனின் முகம் வெளுத்துவிட்டது. சிறப்பு விருந்தினர், பம்ப் கம்பெனி முதலாளி தம்பிதுரை மட்டும் அசரவில்லை. "ஒரே ஒரு நம்பர்தானுங்க உட்டுப்போச்சு? மத்ததெல்லாம் இருக்குதுங்களே! அம்மணிக்கு என்னா தன்னடக்கம் பாருங்க!" என்று பொன்னாடையைப் போர்த்தினார். அரங்கமே கைதட்டியது. அந்தக் கைதட்டலைப் போல் அவளுக்கு வலித்தது வேறெதுவுமில்லை.

முன்வரிசையில் அப்துல் குத்தூஸ் தட்டவில்லை. மகளின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வெளியே ஆட்டோவில் ஏறியதும் மெல்லக் கேட்டார். "எல்லாம் போச்சாம்மா?"

"போச்சுங்க, அத்தா."

அவர் அவள் தோளிலிருந்த பொன்னாடையை எடுத்து, மடித்துத் தன் பையில் வைத்துக்கொண்டார். அதற்குப் பிறகுதான் அவள் அழுதாள்.