தலைகீழாய் நீந்தும் பிள்ளைகள்

வண்ணமீன் கடைக்காரியைத் தெருவே 'கண்ணாடி அக்கா' என்றுதான் கூப்பிடும். அவள் மூக்கில் கண்ணாடி கிடையாது. கடலை நெருங்கும் ஆற்றில் கிடைக்கிற விரல்நுனி அளவு இறாலைக் கடையின் பின்னறையில் வளர்த்ததால் வந்த பெயர். அந்த இறாலின் உடம்பு அப்படியே கண்ணாடி. தின்ற பாசி குடலில் இறங்குவதுகூட வெளியே தெரியும். கூச்சமே இல்லாத பிறவி!

பிடித்து வந்த புதிதில், தொட்டியின் அடியில் ஒன்று காலும் மீசையுமாகச் செத்துக் கிடக்கிறதென்று அக்கா மூக்கைச் சிந்தினாள். செத்தது அல்ல, சட்டையைக் கழற்றிப் போட்டிருந்தது. ஆள் கல்லுக்குப் பின்னால் மெத்தென்ற உடம்போடு ஒளிந்திருந்தது. அன்றிலிருந்து அவளுக்கு அவற்றின் மேல் பைத்தியம்.

அந்தப் பைத்தியம்தான் இப்போது வம்பில் கொண்டுவந்து விட்டிருந்தது. தாய் இறால் வயிற்றுக்கடியில் முட்டைகளைச் சுமந்து, கால்களால் விசிறிக்கொண்டே திரியும். பொரித்த குஞ்சுகள் தலைகீழாகத் தொங்கியபடி, வால் முன்னே போக நீந்தும். டார்ச் அடித்தால் வெளிச்சத்தை மொய்க்கும். ஒருநாள் நிமிர்ந்து தரையில் நடந்தால்தான் அது இறால். அக்காவின் குஞ்சுகள் ஒன்றுகூட நிமிர்ந்ததில்லை. ஒவ்வொரு தடவையும் கூண்டோடு போய்ச் சேர்ந்தன.

தையல் மெஷின் போட இடம் தேடிக்கொண்டிருந்த கொழுந்தன் அந்த அறையில் கண் வைத்தான். "அண்ணி, இந்தத் தடவையும் தேறலைன்னா ரூமைக் குடுத்துருவீங்களா?" என்றான். "எடுத்துக்கோ போ!" என்று ரோஷத்தில் சொல்லிவிட்டு, அன்று முழுக்கத் தன்னையே திட்டிக்கொண்டாள்.

குஞ்சு பொரிக்கும் நேரம் பார்த்து அவளுக்குச் சளி. நாக்கு செத்துப்போனது. தண்ணீரை விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தே ஊற்றுகிறவள், இந்த முறை எல்லாவற்றையும் வீட்டுக்காரர் தலையில் கட்டினாள். பாலத்தடியில் தாய்களைப் பிடித்த இடத்திலேயே தண்ணீர் எடுக்க வேண்டும், பிள்ளைக்கும் அதே தண்ணீர்தான் என்பது அவள் சட்டம். அவரும் தினமும் கேனைத் தூக்கிக்கொண்டு ஸ்கூட்டரில் போய்வந்தார்.

சளி விட்ட காலையில் விரலை நனைத்து நாக்கில் வைத்தவள் துள்ளி எழுந்தாள். உப்பென்றால் உப்பு, அப்படி ஓர் உப்பு!

"ஏங்க! எங்க புடிச்சீங்க இந்தத் தண்ணிய?"

"பாலத்தடியிலதான்."

"என் மூஞ்சியப் பாத்துச் சொல்லுங்க."

அவர் மூஞ்சியைத் தவிர எல்லாவற்றையும் பார்த்தார். "பாலத்தடியில முழங்கால் வரைக்கும் சேறும்மா. முகத்துவாரத்துல வண்டி தண்ணி வரைக்கும் போகுது. பக்கத்துலயே டீக்கடை வேற..."

"பாவி மனுஷா! கொன்னுட்டீங்களே!"

"நான் என்ன பண்ணேன்? உன் இறாலே அங்கதான் கெடக்கு. முட்டையும் வயிறுமா அத்தனையும் ஆத்து வாயில வந்து கூட்டம் போடுது. நான்தான் டீ குடிச்சிக்கிட்டே பாத்தேனே."

அக்காவுக்கு அப்போதுதான் உறைத்தது. தாய்கள் ஆற்றில் வாழ்ந்தாலும் பிரசவத்துக்குக் கடல்வாய்க்குப் போகின்றன! இத்தனை நாளும் பாசமாகப் பாசமாக அந்தச் சப்பென்ற ஆற்றுத் தண்ணீரை ஊற்றி அவள்தான் கொன்றிருக்கிறாள். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. தொட்டியில் டார்ச் அடித்தாள்.

மேலே கும்பல் கும்பலாகத் தலைகீழ்ப் பிள்ளைகள். கீழே, மணலில், தூசி மாதிரி ஒன்று. அது நடந்தது! நின்றது, மீசையை ஆட்டியது, மறுபடி நடந்தது. பக்கத்தில் இன்னொன்று!

அக்கா போட்ட கூச்சலில் கொழுந்தன் அளக்கிற டேப்போடு ஓடிவந்தான். "நடக்குதுடா! வேற ரூம் பாரு!" என்று அவன் தோளைப் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றினாள். சுற்றிய வேகத்திலேயே புருஷன் பக்கம் திரும்பினாள்.

அவர் கேனைக் கேடயமாகப் பிடித்துக்கொண்டு பின்வாங்கினார். "நாளையிலேருந்து சத்தியமா பாலத்தடியிலதான் புடிப்பேன்."

"புடிச்சீங்க, தொலைஞ்சீங்க! டீக்கடைக்கே போங்க. ரெண்டு டீயா குடிங்க!"